பெல்ஜியத் தோழி அனுப்பிய லேஸ் மாதிரி: இந்த நிறக் கோடுகளை எப்படிப் படிப்பது?

நூல்கண்டு (கோவை)

வணக்கம். பாபின் லேஸ் பழகிக்கொண்டிருக்கிறேன். குரோஷா இல்லை, டாட்டிங்கும் இல்லை. தலையணைமேல் துளையிட்ட அட்டையை வைத்து, குண்டூசிகளுக்கு நடுவே பாபின் என்கிற சின்னக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்களே, அது.

பெல்ஜியத்தில், ப்ரூஜ் நகரத்தில் எனக்கு ஒரு தோழி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவர் பேசுவது டச்சு, நான் தமிழ், இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனால் எங்கள் பேச்சில் பாதி போட்டோதான். சென்ற மாதம் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே காலி பாபின்கள், வெள்ளை லினன் நூல், விசிறி விசிறியாக வரும் ஓர் ஓர லேஸ் மாதிரி, கூடவே ஒரு வரைபடம்.

வரைபடத்தில் ஊதா, பச்சை, சிவப்பு என்று மூன்று நிறங்களில் கோடுகள் ஓடுகின்றன. சில கோடுகள்மேல் குட்டிக் கீறல்கள் வேறு. கீழே டச்சில் நான்கு வரி. அதைப் படிக்காமல் பின்ன முடியுமா? பிறகு இன்னொரு தொல்லை: இங்கே மழை பிடித்ததிலிருந்து குண்டூசியெல்லாம் துரு. பின்னியது வரைக்கும் வெள்ளை லேஸில் பழுப்புப் புள்ளிகள். யாராவது வழி சொல்லுங்கள்.

மிட்லண்ட்ஸ்_மழை (இங்கிலாந்து)

டச்சு தேவையே இல்லை அக்கா. அந்த வரைபடம் தனியாகவே பேசும். பெல்ஜியத்தில் வளர்ந்து இப்போது பல நாட்டு லேஸ் பத்திரிகைகளும் பின்பற்றுகிற நிறமுறை அது.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். படத்தில் ஒரு கோடு என்றால் ஒரு நூல் இல்லை, ஒரு ஜோடி. இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஜோடி, அதாவது நான்கு பாபின்கள் கையில் இருக்கும். இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண்ணுங்கள். எண் பாபினுக்கு இல்லை, இடத்துக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் தவிப்பவர்கள்தான் அதிகம்.

மொத்தமே இரண்டு அசைவுதான். குறுக்கு: 2-ஐ 3-க்கு மேலே போடுவது. முறுக்கு: 2-ஐ 1-க்கு மேலேயும் 4-ஐ 3-க்கு மேலேயும் போடுவது. உலகத்தில் இருக்கிற பாபின் லேஸ் முழுக்க இந்த இரண்டால் ஆனது.

ஊதாக் கோடு: குறுக்கு, முறுக்கு, குறுக்கு. நெய்த துணிபோல் அடர்த்தியாக வரும்.
பச்சை: குறுக்கு, முறுக்கு, அவ்வளவுதான். வலை மாதிரி திறந்து இருக்கும்.
சிவப்பு: குறுக்கு, முறுக்கு, குறுக்கு, முறுக்கு.

கோட்டின்மேல் இருக்கும் குட்டிக் கீறல் என்றால் அந்த ஜோடிக்குக் கூடுதல் முறுக்கு. ஒரு கீறலுக்கு ஒரு முறுக்கு, இரண்டு கீறலுக்கு இரண்டு. புள்ளி இருக்கும் இடத்தில் ஊசி.

பச்சை இடத்தில் மட்டும் கவனம். அங்கே குறுக்கே ஓடுவது ஜோடி இல்லை, ஒரே ஒரு நூல். அது அறுந்தால் அழுகைதான்.

நூல்கண்டு (கோவை)

ஆகா, இப்போதுதான் படம் கண்ணுக்குத் தெரிகிறது! இத்தனை நாள் ஒவ்வொரு கோட்டையும் ஒற்றை நூலாக நினைத்துப் பார்த்தால் எப்படிக் கணக்கு வரும்.

வந்துபோறவன்

தெரியாமல்தான் கேட்கிறேன், மெஷினில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறதே. இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

மிட்லண்ட்ஸ்_மழை (இங்கிலாந்து)

இந்தக் கேள்வி பழையது தம்பி. இங்கே ஜான் ஹீத்கோட் என்பவர் பாபின் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1816-ல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் லுட்டைட்டுகள், அதாவது இயந்திரங்களை எதிர்த்த தொழிலாளர்கள், புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். அவர் ஆலையையே டெவன் பக்கம் டிவர்ட்டனுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். கையால் பின்னியவர்கள் தோற்றார்கள் என்பது உண்மை. 1840-ல் விக்டோரியா ராணி தன் கல்யாண உடைக்கு டெவன் கைப்பின்னல் லேஸையே கேட்டு வாங்கியதும் அந்தப் பெண்களுக்கு வேலை வரட்டும் என்றுதான்.

இன்று பிழைப்புக்காக இதைப் பின்னுகிறவர்கள் குறைவு. எங்களுக்கு இது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் சீக்கிரம் முடித்து என்ன செய்யப் போகிறோம்?

வந்துபோறவன்

சரி, நியாயம்தான்.

தக்கலைக்காரி (கன்னியாகுமரி மாவட்டம்)

அக்கா, துருவுக்கு முதலில் பதில். சாதாரண இரும்புக் குண்டூசியைத் தூக்கிப் போடுங்கள். பித்தளை ஊசி வாங்குங்கள், இல்லாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் உண்டு, இங்கே இதற்கு மறுபேச்சே கிடையாது. ஒரே இடத்தில் ஊசியை வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். வேலை இல்லாத நாளில் தலையணையைப் பருத்தித் துணியால் மூடுங்கள், பிளாஸ்டிக்கால் மூடினால் உள்ளே வேர்க்கும்.

அப்புறம், பெல்ஜியம் என்றதும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் மாவட்டத்துக்கும் உங்கள் ப்ரூஜ் பாட்டியம்மாவுக்கும் தூரத்து உறவு இருக்கிறது. 1897-ல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்து மடத்திலிருந்து மேரி லூயிஸ் டி மேஸ்தர் என்ற கன்னியாஸ்திரி முளகுமூட்டுக்கு வந்து அநாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். அங்கே வளர்ந்த பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். ஈப்பர் அந்தக் காலத்தில் வாலன்சியென் என்ற பாபின் லேஸ் வகைக்குப் பேர்போன ஊர்.

அதற்கும் முந்தியது நாகர்கோவில். 1819-ல் லண்டன் மிஷன் சார்பில் வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்குப் பள்ளி வைத்து, கூடவே லேஸும் சொல்லிக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்து அடிமைக் கட்டிலிருந்து மீண்ட பெண்கள் உண்டு என்று மிஷன்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய லேஸ் கதை தெரியாது. வெள்ளைக்கார வீட்டுக் கைக்குட்டை ஓரத்துக்குப் போன நூல்தான், ஆனால் பின்னியவளுக்கு அது வேறு பொருள்.

காலிக்கோட்டை (இலங்கை)

தக்கலைக்காரி அக்கா, எங்கட பக்கமும் இருக்கு. காலி, வெலிகம ஊர்களில் இதைப் பீரலு என்று சொல்லுவினம். போர்த்துக்கீசர் கொண்டுவந்தது என்றுதான் எல்லாரும் சொல்லுறது. தலையணை உங்களுடையதுபோல் தட்டையாக இராது, நடுவில் உருளை சுழலும். பின்னப் பின்ன உருளையைத் திருப்பிக்கொண்டே போகலாம், லேஸைக் கழற்றி மேலே நகர்த்தத் தேவையில்லை. நீளமான ஓர லேஸ் பின்னுகிறவர்களுக்கு இதுதான் சுகம்.

எனக்குப் பின்னக் காட்டித் தந்தது பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி. அவவுக்குத் தமிழ் வராது, எனக்கு அப்போது சிங்களம் வராது. என் விரலைப் பிடித்து நகர்த்தித்தான் காட்டினவ. வரைபடம் என்று ஒன்றை நான் கண்டதே பிறகுதான்.

ஆல்ப்ஸ்_அடிவாரம் (ஸ்லோவீனியா)

விரலைப் பிடித்து நகர்த்துவது பற்றி எழுதியதால் நானும் ஒன்று சொல்கிறேன். என் கணவருக்கு இங்கே வேலை. பாபின், ஊசி லேஸ் பின்னுகிறவர்களுக்கு ஓர் உலக அமைப்பு இருக்கிறது, பெயர் ஓய்ட்ஃபா. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நாட்டில் மாநாடு கூட்டுவார்கள். 2010-ல் ஜப்பானில் கோபே, 2014-ல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட், 2016-ல் இங்கே லியூப்லியானா, 2018-ல் உங்கள் தோழியின் ப்ரூஜ்.

2016 மாநாட்டுக்கு நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். எனக்கு அப்போது இலைப் பின்னல் வரவே வராது. ஒரு நூல் மற்ற மூன்றுக்கு ஊடாக முன்னும் பின்னும் ஓடி, நடுவில் அகன்று நுனியில் குறுகும் குட்டி இலை இருக்கிறதே, அது. என் இலையெல்லாம் சுருங்கிப் புழு மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜப்பானிய அம்மா அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையிலிருந்து ஓடும் பாபினை மட்டும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஓரத்து நூல்கள் இரண்டையும் விரித்துப் பிடித்து இறுக்கினார், ஓடும் நூலை இழுக்கவே இல்லை. பிறகு என்னிடம் கொடுத்தார். நான் வழக்கம்போல் ஓடும் நூலை இழுத்தேன். புறங்கையில் லேசாக ஒரு தட்டு! அம்மா தட்டுவதுபோலவே இருந்தது. அதற்குப் பிறகு இலை சரியாக வருகிறது.

இங்கிருந்து மேற்கே இத்ரியா என்று ஒரு சின்ன ஊர். ஐந்நூறு வருஷம் பாதரசம் தோண்டிய சுரங்க ஊர். ஆண்கள் பூமிக்கு அடியில், பெண்கள் வீட்டில் லேஸ். சுரங்கக் கூலி போதாத குடும்பங்களை இந்த நூல் தாங்கியது. 1876-ல் அங்கே ஒரு லேஸ் பள்ளி ஆரம்பித்தார்கள். சுரங்கம் மூடியாகிவிட்டது, பள்ளி மட்டும் இன்னும் நடக்கிறது. சின்னப் பையன்கள்கூட உருளைத் தலையணையைக் கூடையில் வைத்துக்கொண்டு பின்னுவதை நான் பார்த்திருக்கிறேன். 2018-ல் ஸ்லோவீனியாவின் பாபின் லேஸ் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

மிட்லண்ட்ஸ்_மழை (இங்கிலாந்து)

புறங்கைத் தட்டு இங்கேயும் உண்டு!

நூல்கண்டு (கோவை)

முதல் விசிறி முடிந்தது. ஆனால் ஊதா இடம் கொழகொழவென்று இருக்கிறது, ஓரத்தில் ஊசி பக்கம் பெரிய ஓட்டை. தோழியிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு குழப்பமும். யூடியூபில் ஒரு ஜெர்மன் அம்மா முறுக்கில் ஆரம்பித்துக் குறுக்கில் முடிக்கிறார். நீங்கள் சொன்னது தலைகீழ். எது சரி?

மிட்லண்ட்ஸ்_மழை (இங்கிலாந்து)

இரண்டும் சரி. குறுக்கில் ஆரம்பிப்பது ஒரு வழக்கம், முறுக்கில் ஆரம்பிப்பது இன்னொன்று. முடிந்த லேஸைப் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. முறுக்கை முந்தைய பின்னலின் கடைசியில் சேர்க்கிறீர்களா, அடுத்ததன் தொடக்கத்தில் சேர்க்கிறீர்களா என்பதுதான் வித்தியாசம். ஆனால் ஒரே துண்டில் இரண்டையும் கலந்தால் ஒரு முறுக்கு கூடும் அல்லது குறையும். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொழகொழப்புக்கு: விசிறியில் குறுக்கே ஓடும் ஜோடியை ஊசியைச் சுற்றித் திருப்பும்போது ஒரு முறுக்கு கொடுங்கள். ஊசியைக் குத்தி, ஓடும் ஜோடி அதைச் சுற்றி வந்த பிறகு, நிற்கும் ஜோடிகளைக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்து நேராக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் செய்ய வேண்டும். கடைசியில் மொத்தமாக இழுத்துச் சரி செய்யலாம் என்று நினைத்தால் நடக்காது.

அப்படியும் தளர்வாக இருந்தால் நூல் அட்டைக்கு மெல்லியது. நேரான ஓரத்தில் அடுத்தடுத்த இரண்டு ஊசித் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒரு ஸ்கேலில் குறித்து, அந்த இடத்தில் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். டோர்ஷோன் என்ற எளிய லேஸ் வகைக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்று வந்தால் பொருத்தம். இருபது வந்தால் நூலை மாற்றுங்கள், அல்லது வரைபடத்தைச் சிறிதாக்கி அட்டை குத்துங்கள்.

தலையணை எது?

நூல்கண்டு (கோவை)

தெர்மோகோல் பலகை, மேலே கம்பளித் துணி.

தக்கலைக்காரி (கன்னியாகுமரி மாவட்டம்)

பழக அது போதும் அக்கா. ஊசி ஆட ஆரம்பித்ததும் மரத்தூள் தலையணை தைத்துக்கொள்ளுங்கள். தூளை நன்றாகக் காயவைத்து, இதற்குமேல் போகாது என்கிறவரை அடித்து அடைக்க வேண்டும். பஞ்சு வேண்டவே வேண்டாம்.

ஈரத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. லினன் நூலுக்கு ஈரம் பிடிக்கும். காய்ந்த காற்றில்தான் அது படக்கென்று அறும். பழைய காலத்தில் மிக மெல்லிய லினனை ஈரமான நிலவறைகளில் உட்கார்ந்து நூற்றிருக்கிறார்கள். நூற்றவர்கள் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

நூல்கண்டு (கோவை)

இரண்டாவது விசிறி பரவாயில்லை! இந்த வரைபடத்தை ஸ்கேன் செய்து இங்கே போடட்டுமா? ஆரம்பிப்பவர்களுக்கு நல்ல மாதிரி.

மிட்லண்ட்ஸ்_மழை (இங்கிலாந்து)

வேண்டாம் அக்கா. யார் வரைந்தது என்று முதலில் கேளுங்கள். இப்போது உயிரோடு இருக்கிற ஒருவர் யோசித்து, பின்னிப் பார்த்து, வரைந்து விற்கும் மாதிரியாக இருந்தால் அது அவர் சோறு. லேஸ் மாதிரி வாங்குகிற கூட்டமே சின்னது. நாலு பேர் நகல் எடுத்தால் அடுத்த புத்தகம் வராது.

தக்கலைக்காரி (கன்னியாகுமரி மாவட்டம்)

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் வீட்டு அட்டைகள் மூன்று தலைமுறையாகக் கை மாறி வந்தவை. ஒன்றின்மேல் இன்னொன்றை வைத்துக் குத்தித்தான் எல்லாருக்கும் போனது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்த வேலை முளகுமூட்டைத் தாண்டி அடுத்த ஊருக்கே வந்திருக்காது.

மிட்லண்ட்ஸ்_மழை (இங்கிலாந்து)

அந்த அட்டைகளைத் தாராளமாகக் கொடுங்கள், நானே வரிசையில் நிற்பேன். நான் சொல்வது இன்று ஒருவர் வரைந்ததைப் பற்றி. உங்கள் அட்டையில் புதிதாக நீங்கள் ஒரு பூவைச் சேர்த்து, அதை யாரோ தன் பெயரில் போட்டால் பொறுப்பீர்களா?

தக்கலைக்காரி (கன்னியாகுமரி மாவட்டம்)

பொறுக்க மாட்டேன், அது சரிதான். ஆனால் பெயரைப் போட்டுவிட்டுப் பகிர்ந்தால் நான் சந்தோஷம்தான் படுவேன்.

கணக்கு_வாத்தியார் (திருச்சி)

நான் பின்னுகிறவன் இல்லை, பின்னலின் கணக்குக்காகப் படிக்கிறவன். இந்தச் சண்டைக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: பழையவை. ரால்ஃப் கிரிஸ்வோல்ட் என்று ஒரு கணினிப் பேராசிரியர். ஸ்னோபால், ஐகான் என்ற நிரல்மொழிகளை உருவாக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு நெசவில் ஆர்வம் வந்து, பதிப்புரிமைக் காலம் தாண்டிய நெசவு, லேஸ் புத்தகங்களை ஸ்கேன் செய்து அரிசோனா பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக வைக்க ஆரம்பித்தார். அவர் 2006-ல் மறைந்துவிட்டார். நூறு வருஷத்துக்கு முந்திய டோர்ஷோன் மாதிரிகள் அந்தச் சேகரத்தில் ஏராளம். ஆரம்பிப்பவர்களுக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடலாம், யாருக்கும் மனவருத்தம் வராது.

இன்னும் பின்னால் போனால், 1561-ல் சூரிச்சில் அச்சான ஒரு பாபின் லேஸ் மாதிரிப் புத்தகம் இருக்கிறது. எழுதியவர் அங்கே லேஸ் கற்றுக்கொடுத்த ஒரு பெண். முழுப் பெயர் இல்லை, ஆர்.எம். என்ற இரண்டு எழுத்து மட்டும். வெனிஸிலிருந்து வந்த வணிகர்கள்மூலம் 1536-ல் இந்த வேலை தங்கள் ஊருக்கு வந்தது என்று எழுதியிருக்கிறார். வணிகர் மூட்டையில் வந்த ஓர் ஓர லேஸைப் பார்த்து, பிரித்து, மறுபடி பின்னிக் கற்றிருப்பார்கள் என்பது என் ஊகம்.

வந்துபோறவன்

இதுவும் நரசாபூர் லேஸும் ஒன்றா?

தக்கலைக்காரி (கன்னியாகுமரி மாவட்டம்)

இல்லை தம்பி. ஆந்திராவின் நரசாபூர் லேஸ் குரோஷா, ஒரே ஒரு கொக்கி ஊசியால் போடுவது. அதற்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாபின் லேஸ் வேறு குடும்பம்.

நூல்கண்டு (கோவை)

தோழியிடம் கேட்டேன். மாதிரி அவருடைய ஆசிரியை வரைந்ததாம், இன்னும் விற்பனையில் இருக்கிறதாம். "பின்னு, பரிசாகக் கொடு, போட்டோ போடு, வரைபடத்தை மட்டும் போடாதே" என்று பதில். ஆக, மழை சொன்னபடியே. தக்கலைத் தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவர் அனுப்பிய பாபின்களோடு, இங்கிலாந்துப் பாபின்கள் கொஞ்சம் இணையத்தில் வாங்கிக் கலந்துகொள்ளலாமா? அடியில் மணி கோத்து அழகாக இருக்கின்றன.

மிட்லண்ட்ஸ்_மழை (இங்கிலாந்து)

ஒரே துண்டில் கலக்காதீர்கள். எடை வேறு, இழுவை வேறு, ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொங்கும். எங்கள் பாபின் மெலிந்த குச்சி. தட்டைத் தலையணையில் அது உருண்டு நூல் முறுக்கு அவிழாமல் இருக்கத்தான் அடியில் மணி வளையம். பெல்ஜியப் பாபினுக்கு அடி குண்டாக இருக்கும், அதுவே எடை.

ஆனால் நட்புக்காக வாங்கலாம். இங்கே பாபினில் பெயரும் தேதியும் பொறித்துப் பரிசாகக் கொடுப்பது பழைய வழக்கம். பிறந்த குழந்தை, காதல், கல்யாணம், எல்லாம் பாபினில் ஏறும். தூக்குத் தண்டனைகூட ஏறியிருக்கிறது: 1860-ல் தூக்கிலிடப்பட்ட ஜோசப் காசில் என்ற கொலையாளியின் பெயர் பொறித்த எலும்புப் பாபின்கள் இன்னும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு யார் கல்யாண லேஸ் பின்னினார்களோ!

உங்கள் தோழிக்கு ஒன்று அனுப்புங்கள். கோவையில் மரம் கடைகிறவர்கள் இல்லாமலா?

நூல்கண்டு (கோவை)

இருக்கிறார். பம்பரம் கடைகிற பெரியவர் ஒருவரிடம் பெல்ஜியப் பாபினைக் காட்டினேன். "இதென்னம்மா, குழந்தை கிலுகிலுப்பையா?" என்றார். தேக்கில் ஒரு ஜோடி கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயரைத் தமிழில் பொறிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

காலிக்கோட்டை (இலங்கை)

தேக்கு பாரம் கூட. மெல்லிய லினனுக்கு இழுவை அதிகமாகும். இன்னும் லேசான மரம் கேட்டுப் பாருங்கோ. மற்றது, கழுத்தை நன்றாக உரசி வழுவழுப்பாக்கச் சொல்லுங்கோ. அதில சிலும்பு இருந்தால் நூல் பிய்ந்துவிடும்.

ஆல்ப்ஸ்_அடிவாரம் (ஸ்லோவீனியா)

தமிழிலேயே பொறியுங்கள். என்னிடம் ஜப்பானிய எழுத்தில் ஒன்று இருக்கிறது, எழுத்து தெரியாது, கொடுத்தவர் முகம் தெரியும்.

தக்கலைக்காரி (கன்னியாகுமரி மாவட்டம்)

கோபமெல்லாம் இல்லை அக்கா. எங்கள் பாட்டி அட்டை ஒன்று, மூன்று விரல் அகல ஓர லேஸ், அதை வரைபடமாக்கி நிறம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஊதாவும் பச்சையும் முடிந்தது. மூலையில் திரும்பும் இடத்தில் ஒரு ஜோடி எங்கே போகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. மழை அக்கா, போட்டோ அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். முடிந்ததும் இங்கே போடுகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நூல்கண்டு அக்கா, பித்தளை ஊசி வாங்கும்போது எனக்கும் இரண்டு டப்பா சேர்த்து வாங்குங்கள். பணம் அனுப்பிவிடுகிறேன்.

மிட்லண்ட்ஸ்_மழை (இங்கிலாந்து)

அனுப்புங்கள். மூலையின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, கறுப்புத் துணிமேல் வைத்து எடுங்கள்.